நான் கேட்காத லீவு

கண்ணு,

நீ செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாய் என்பது கோத்தகிரி மார்க்கெட்டில்தான் எனக்குத் தெரிந்தது. பீன்ஸ் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, நீ முன்பு வேலை பார்த்த டீ ஃபேக்டரியின் மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க சார், பையன் செவ்வாய்க்கிழமை ஜப்பானுக்குப் போறானாமா? நீங்கதான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தீங்களாக்கும்?" என்றார். அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை. நாற்பது வருடம் அந்த நாட்டைப் படித்தவனின் மகன் அந்த நாட்டுக்குப் போகிறான் என்றால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அது பொய். ஆனால் அது சின்னப் பொய். உன்னிடம் பெரிய பொய் ஒன்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை நீ தங்கியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டு வாசல் வரை வந்து திரும்பினேன். எழுதத்தான் எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடு. கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஸ்கூலில் கேட்டால் "அப்பா டெல்லியில வாத்தியார்" என்று சொல்வாய் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். வாத்தியார்தான். நூறு வருடங்களுக்கு முன்னால் ஜப்பானில் ஃபேக்டரிகள் பெருகிய காலத்தைப் பற்றிப் பாடம் சொன்னேன். பட்டு நூற்கும் மில், பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம். அந்த மில்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மலைக் கிராமத்துப் பெண் பிள்ளைகள். பன்னிரண்டு, பதிமூன்று வயது. ஆள் பிடிக்கிறவன் வீட்டுக்கு வருவான், அப்பன் ஒப்பந்தத்தில் முத்திரை குத்திக் கொடுப்பான், பிள்ளை பனியில் மலை தாண்டி நடந்து போவாள். இரவில் விடுதிக் கதவு வெளியே பூட்டியிருக்கும். மூச்சுக்கு நீராவியும் தூசியும். இருமல் முற்றிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதினேன். ஒன்றை ஜப்பானிய மொழியிலேயே போட்டார்கள். கூட்டங்களில் நான் பேசி முடித்ததும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியாமல் போனதைத்தான் உனக்குச் சொல்லப் பார்க்கிறேன். என் அப்பா அவிநாசிப் பக்கத்திலிருந்து கீழ் கோத்தகிரித் தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவர். நான் எட்டாவது முடித்த வருடம் பாதை வெட்டும்போது பாறை சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. அப்போது என் அக்காவும், அதாவது உன் அத்தையும், படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்புப் போட்டால் எழுந்து நின்று சொல்கிறவள். யாரை நிறுத்துவது, யாரைப் படிக்க வைப்பது என்று வீட்டில் யாரும் கூடிப் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அக்கா கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனாள். நான் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். அவ்வளவுதான். அவளைக் கட்டிக் கொடுத்த இடம் சரியில்லாமல் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தபோது, ஃபேக்டரியில் சல்லடை ரூமில் வேலை கிடைத்தது. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறை. அங்கே பஞ்சு மாதிரித் தூசி எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். அந்தத் தூசிக்குள் அவள் இருபத்தாறு வருடம் நின்றாள்.

அவளை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாள் முழுவதும் டீத்தூளில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காப்பிதான் குடிப்பாள். "அந்தக் கருமத்தை எவ குடிப்பா?" என்பாள். சூப்பர்வைசரை "ஏய், கண்ணாடி" என்று கூப்பிடுவாள். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாள், ஆனால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் டெல்லியில் முதல் பட்டம் வாங்கியபோது ஃபேக்டரி முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தாளாம். எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

எனக்கு இருபத்தேழு வயதில் முதல் தடவை ஜப்பானுக்குப் போனேன். மலைக்குள் ஒரு கிராமத்தில், சிறு வயதில் பட்டு மில்லில் வேலை செய்த ஒரு கிழவியைப் பேட்டி எடுக்கச் சொல்லி என் பேராசிரியர் அனுப்பினார். எண்பது வயதைத் தாண்டியவர். விரல் நுனியெல்லாம் வெந்து வெந்து தோல் மழுங்கி இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூட்டை எடுத்து எடுத்து அப்படி ஆனது. மூன்று நாள் பேசினார். மூன்றாம் நாள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னது நம் பேச்சில் இப்படி வரும்: "என் சம்பளத்துலதான் தம்பி படிச்சான். வாத்தியார் ஆயிட்டான். எங்கக்கா மில்லுல இருந்தவளுன்னு எங்கயும் சொல்ல மாட்டான். கல்யாணத்துல என்னைப் பின்னால உக்கார வெச்சான். நல்ல பையன்தான். வெக்கம், பாவம்." அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கு அக்கா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "என்ன பண்றா?" என்றார். "வீட்டிலே சும்மாதான் இருக்கிறாள்" என்று சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உப்பில் ஊறப்போட்ட முள்ளங்கியை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு" என்றார். அன்று இரவு நான் அந்தத் தம்பியின் கதையைச் சுத்தமாக எடுத்து எழுதினேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதில்தான் தொடங்குகிறது. ஆய்வேட்டைப் படித்தவர்கள் அந்த இடத்தைத்தான் குறிப்பாகப் பாராட்டினார்கள். அந்தக் கிழவி என்னிடம் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் எங்கேயும் எழுதவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

உன் அம்மா காய்ச்சலில் போனபோது உனக்கு நாலு வயது. டெல்லியில் ஒற்றை ஆளாக உன்னை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு வருடம் மட்டும் வைத்திரு என்று சொல்லி உன்னை அக்காவிடம் கொண்டுவந்து விட்டேன். பஸ் கிளம்பும்போது நீ அழவில்லை. அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிள்ளை அழாமல் இருக்கிறான், பழகிக்கொள்வான் என்று நான் ஆறுதல் அடைந்தேன். ஒரு வருடம் என்பது பதினைந்து வருடம் ஆனது. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. ஒரு வருடம் புத்தகம், ஒரு வருடம் பதவி உயர்வு, ஒரு வருடம் ஜப்பான். காரணங்கள் எல்லாம் உண்மைதான்.

வருடத்துக்கு இரண்டு தடவை வருவேன். வரும்போதெல்லாம் அக்கா இருமிக்கொண்டிருப்பாள். முதலில் காலையில் மட்டும், பிறகு படி ஏறினால், பிறகு பேசினாலே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சுக்குக் காப்பி குடி என்றேன். இந்தக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். சுரங்கத் தூசியில் நுரையீரல் கல்லாகிப் போகிற நோய்க்கு ஜப்பானிய மொழியில் ஒரு பெயர் உண்டு. பஞ்சுத் தூசியில் வருவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. இரண்டைப் பற்றியும் வகுப்பில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். என் எதிரில் உட்கார்ந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருமுகிறவளைப் பார்த்து எனக்கு அந்தப் பெயர்கள் ஞாபகம் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதுகூடப் பாதிதான் உண்மை. ஒரு தடவை வந்தது. தள்ளிவிட்டேன்.

இப்போது அந்தப் பொய்யைச் சொல்கிறேன். நீ கோயமுத்தூரில் காலேஜ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஜப்பானின் தென்பகுதியில் ஒரு வருட ஆராய்ச்சிக்குப் போயிருந்தேன். அங்கே மூடிப்போன ஒரு நிலக்கரிக் கம்பெனியின் விபத்துக் காகிதங்கள் ஒரு பழைய கட்டடத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. உன் போன் வந்தது. "அத்தைக்கு மூச்சு ரொம்ப வாங்குதுங்கப்பா. படுத்தா முடியறதில்லீங்க, உக்காந்தேதான் தூங்கறாங்க. நீங்க வந்துருங்கப்பா" என்றாய். பார்க்கிறேன் என்றேன். பத்து நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாய். "டாக்டர் பெரியவங்க யாராச்சும் வரச் சொல்றாருங்க. நான் காலேஜ நிறுத்திட்டு இங்கயே வந்துட்டேன். நீங்க எப்ப வருவீங்க?" அப்போதுதான் சொன்னேன்: "லீவு தர மாட்டேங்கிறாங்க கண்ணு. ஒப்பந்தம் அப்படி. இன்னும் ரெண்டு மாசம்." நீ "சரிங்கப்பா" என்றாய்.

நான் லீவு கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். எனக்கு இடம் கொடுத்திருந்த பேராசிரியர் நல்ல மனிதர். அக்கா போன செய்தி வந்து நான் அவரிடம் போய்ச் சொன்னபோது, அவர் எழுந்து நின்று தலை குனிந்துவிட்டு, "இவ்வளவு நாளாக நோய் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? அன்றைக்கே நானே உங்களை விமானத்தில் ஏற்றியிருப்பேனே" என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் அவர் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் கேட்கவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்தப் பெட்டிகளை முடித்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது, உண்மை. ஆனால் அது மட்டுமில்லை. எனக்குப் பயம். வந்தால் அவள் எதிரில் உட்கார வேண்டும், அவள் மூச்சைக் கேட்க வேண்டும், அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செத்துப்போன சுரங்கத் தொழிலாளியின் காகிதத்தைப் படிப்பது சுலபம். அவன் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நான் வந்து சேர்ந்தபோது அக்கா போய் நாலு நாள் ஆகியிருந்தது. நல்ல மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றது. நீ மொட்டைத் தலையோடு வாசலில் நின்றாய். நீதான் கொள்ளி வைத்திருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. உள்ளே போய் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து ஒன்றொன்றாகப் படித்தேன். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து உன்னிடம் கேட்க ஆரம்பித்தேன். சல்லடை ரூமில் எத்தனை மணிக்குப் போவாள்? முகத்துக்குத் துணி கட்டுவாளா? இருமல் முதலில் எந்த வருடம் ஆரம்பித்தது? நீ இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாய். மூன்றாவதுக்கு என் நோட்டைப் பார்த்தாய். "அப்பா, நான் உங்க பேட்டிக்கு வந்த ஆளு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாய். குடைகூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் "என் அக்காவுக்கு" என்று போட்டேன். அவளால் படிக்க முடியாத மொழியில், அவள் படிக்க முடியாத காலத்தில். உயிரோடு இருந்தபோது வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றேன். செத்த பிறகு தேயிலைத் தொழிலாளி என்று பெருமையாக எழுதினேன். அந்தப் புத்தகத்தை உனக்கு அனுப்பினேன். அது லைன் வீட்டில் அரிசி டின்னுக்கு மேலே மூடியாக இருந்ததைப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். சரியான இடத்தில்தான் வைத்திருந்தாய்.

நீ திரும்பக் காலேஜுக்குப் போகவில்லை. போ, போ என்று நான் போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கூட வந்து சேர்த்துவிடவில்லை. அத்தை வேலை செய்த ஃபேக்டரியிலேயே வேலைக்குப் போனாய். அப்புறம் கோயமுத்தூரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்குப் போனாய். நான் ஓய்வு பெற்றுக் கோத்தகிரியில் வீடு எடுத்து வந்து, இனி மகனோடு இருக்கலாம் என்று நினைத்தபோது, நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற விருந்தாளி ஆகியிருந்தாய். பையை மடியிலிருந்து கீழே வைக்க மாட்டாய்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீ ஜப்பான் விஷயத்தைச் சொன்னாய். கோயமுத்தூரில் ஒரு இடத்தில் எட்டு மாதமாக மொழி படிக்கிறேன், அங்கே ஒரு வார்ப்பு ஃபேக்டரி வேலைக்கு இன்டர்வியூ வரப்போகிறது, கிடைத்தால் ஐந்து வருடம் என்றாய். எட்டு மாதம்! அந்த மொழியில் நாற்பது வருடம் கிடந்தவன் இரண்டரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறான். என்னிடம் ஒரு எழுத்துக்கூட நீ கேட்கவில்லை. அந்த வலியைச் சொல்லத் தெரியாமல் கத்தினேன். "நான் இவ்வளவு படிச்சது நீ அங்க போய்க் கூலி வேலை செய்யறதுக்கா?" என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. "செத்துப்போன கூலியாளுன்னா உங்களுக்குப் பெருமைங்கப்பா. அவங்களுக்காகப் பேசுவீங்க, அழுவீங்க. பெத்த பையன் கூலியாளுன்னா மட்டும் கேவலமாங்க?" என்றாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

கேவலம் இல்லை, கண்ணு. அன்றைக்கு என் வாயில் வந்தது கேவலம்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் இருந்தது பயம். வார்ப்பு ஃபேக்டரி என்று நீ சொன்னதும், கோயமுத்தூர் ஃபவுண்டரிக்கு நீ போனபோதுகூட நான் நினைத்துப் பார்க்காத அச்சு மணல் தூசி எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. உன் நெஞ்சுக்குள் அது போகிறதைப் பார்த்தேன். அக்கா விஷயத்தில் பார்க்க மறுத்ததையெல்லாம் உன் விஷயத்தில் ஒரே நொடியில் பார்த்துவிட்டேன். பார்த்தவனுக்கு அதைப் பயம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குத் தெரிந்தது நூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பான். நீ போகிற ஜப்பான் வேறு. சட்டம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, நேர்மையான மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள். மழையில் வழி தெரியாமல் நின்ற என்னைத் தன் குடையில் இரண்டு மைல் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர் உண்டு. ஆனாலும் கேட்டுக்கொள். பாஸ்போர்ட்டை யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் கொடுத்துவைக்காதே. முகமூடி கொடுப்பார்கள், வேர்க்கும், மூச்சு முட்டும், பக்கத்தில் இருப்பவன் கழற்றிவிடுவான், நீ கழற்றாதே. எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்பதைத் தினமும் உன் கையால், தமிழிலேயே, ஒரு நோட்டில் எழுதி வை. அந்தப் பெட்டிகளில் நான் படித்தது முழுக்கக் கம்பெனிக்காரன் எழுதியது. தொழிலாளி தன் கையால் எழுதின நோட்டு ஒன்று கிடைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் கதை மாறியிருக்கும்.

இன்னொன்று. அந்த விபத்துக் காகிதங்களில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். கை போனவன், கால் போனவன், குழியில் புதைந்தவன், எல்லோருக்கும் அதில் அநேகமாக ஒரே பதில்தான் எழுதியிருக்கும்: "அவருடைய கவனக்குறைவு." கீழே அவன் கைநாட்டு. வலியில் துடிக்கிறவனிடம் பேப்பரை நீட்டினால் அவன் என்ன செய்வான்? உனக்கு ஒன்றும் ஆகாது. ஆகக்கூடாது. ஆனால் ஏதாவது ஒரு நாள் சின்னதாகக் காயம் பட்டு அப்படி ஒரு பேப்பரை நீட்டினால், உன் தப்பு என்று கையெழுத்துப் போடாதே. நாளைக்குப் போடுகிறேன் என்று சொல். எனக்கு போன் பண்ணு. அந்த மொழியில் இருக்கிற எந்தப் பேப்பரையும் என்னால் படிக்க முடியும். நான் படித்த படிப்பு உனக்கு ஒரு தடவையாவது உபயோகப்படட்டும். நீ கூப்பிட்டால் இந்தத் தடவை லீவு கேட்க வேண்டிய ஆள்கூட எனக்கு யாரும் இல்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். சண்டை போட்ட பத்தாம் நாள் நான் உன்னைத் தேடிக் கோயமுத்தூருக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. நீ மொழி படிக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு மாடி ஏறினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேச்சுப் பழக நான் உதவுகிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். வகுப்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கம்பெனிக்காரர்கள் எடுக்கப்போகிற இன்டர்வியூவுக்கு உங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நீ எழுந்து நின்றிருந்தாய், வெள்ளைச் சட்டையோடு. வாத்தியார் ஜப்பானிய மொழியில் உன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அத்தை வளர்த்தாள், டீ ஃபேக்டரியில் வேலை செய்தாள், இறந்துவிட்டாள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். உன் உச்சரிப்பு நன்றாக இருந்தது. அப்புறம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அந்த மொழியில் தன் அப்பாவைச் சொல்லும் வார்த்தை "சிச்சி." நம் காதுக்கு அது "சீச்சீ" என்று விழும். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் விழுந்தது. "சிச்சி வா இமாசென்" என்று நீ சொன்னாய். அப்பா இல்லை.

வாத்தியார் தமிழுக்கு மாறி, "தவறிட்டாங்களா? அப்படின்னா அதுக்கு வேற வார்த்தை இருக்குதுப்பா" என்றார். நீ கொஞ்சம் தடுமாறினாய். "இல்லீங்க சார், உசுரோடதான் இருக்காங்க. ஆனா இல்லீங்க" என்றாய். பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நான் சத்தம் வராமல் படி இறங்கி, உக்கடம் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் வந்து கேட்ட பிறகுதான் அது வேறு ஊர் பஸ் என்று தெரிந்து இறங்கினேன். வழி முழுக்க, பழக்க தோஷத்தில், அந்த வாக்கியத்தில் பிழை தேடிக்கொண்டே வந்தேன். ஒரு பிழையும் இல்லை.

இன்டர்வியூவில் அதையே சொல்லியிருப்பாய். அங்கே போன பிறகும் யாராவது கேட்டால் அதையே சொல். எனக்காக மாற்ற வேண்டாம். அந்த வார்த்தையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், அப்பனாக இல்லாவிட்டாலும் அந்த மொழியைப் படித்தவனாக. "இமாசென்" என்றால் ஒருவர் இல்லவே இல்லை என்றும் பொருள். கதவைத் தட்டினவரிடம், அவர் இப்போது வீட்டில் இல்லை, வெளியே போயிருக்கிறார் என்று சொல்லவும் அதே வார்த்தைதான். நீ எந்தப் பொருளில் சொன்னாய் என்று கேட்க மாட்டேன். இத்தனை வருடமும் இரண்டுமே உண்மையாக இருந்தன. இனி நான் கோத்தகிரியில்தான் இருப்பேன். எங்கேயும் போகப் போவதில்லை.

அப்பா